காட்சிப்பொருள் எண் ஒன்று

டாக்டர் இறந்து முப்பத்தொன்பதாம் நாள் காலை, கீழ்த்தளத்தில் இருந்த அவருடைய பல் ஆஸ்பத்திரியை காக்டெயில் பார் ஆக்கிவிடலாம் என்று அவருடைய தம்பி சொன்னான். அப்போது நர்ஸம்மா மாடிச் சமையலறையில் ஒரு கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதை ஏற்கெனவே இரண்டு முறை துடைத்தாயிற்று.

அவள் நர்ஸ் படிப்பு எதுவும் படித்தவள் அல்ல. டாக்டரின் மனைவி. கல்யாணமான மறு வாரம், உதவிக்கு இருந்த பெண் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கீழ வா" என்று டாக்டர் கூப்பிட்டார். அந்த ஒரு நாள் இருபத்தாறு வருஷம் ஓடியது. வலியோடு வந்தவர்கள் எல்லோரும் நர்ஸம்மா என்றே கூப்பிட, சொந்தக்காரர்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

டாக்டரின் உயிர் போனதும் கீழேதான். காலை பதினொன்றே காலுக்கு, ஒருவருடைய கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தவர், கருவியை அதன் கொக்கியில் சரியாக மாட்டிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து சுவரோடு சாய்ந்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து நர்ஸம்மாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கிவிட்டு, விரல் சிவந்ததைப் பார்த்த பிறகுதான் சுட்டதைத் தெரிந்துகொண்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அழுதார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணி, இந்தத் தெருவுல ஏற்கெனவே மூணு பார் இருக்கு," என்றான் கொழுந்தன். கட்டடத்தில் பாதி அவனுடையது. "நாலாவதா ஒண்ணு நிக்கணும்னா சரக்கு மட்டும் போதாது. கதை வேணும். நம்மகிட்ட கதை இருக்கு. பல் ஆஸ்பத்திரி மாதிரியே ஒரு பார்! யாராவது இப்படி யோசிப்பாங்களா?"

"யாரும் யோசிக்க மாட்டாங்க," என்றாள் நர்ஸம்மா.

கொழுந்தன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

பார் கட்டுவதற்கு முன்னால் பிராண்ட் கட்ட வேண்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்கென்றே ஊரில் ஒரு நிறுவனம் இருந்தது. மறு வாரம் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனான். அந்த அலுவலகத்தில் நாற்காலிகள் கிடையாது. நாற்காலி சிந்தனையை மடக்கிவிடும் என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். தரையில் பெரிய பெரிய மெத்தை உருண்டைகள் கிடந்தன. நர்ஸம்மா ஒன்றில் உட்கார்ந்ததும் அது அவளைத் தோள்வரை விழுங்கிக்கொண்டது.

எதிரே இருவர் இருந்தார்கள். ஒருவர் தலைமைப் படைப்பாளர். தலை முதல் கால் வரை கறுப்பு உடை. விலையுயர்ந்த காலணி, காலுறை இல்லை. பேசுவதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வார். அந்த இடைவெளியில் அறையில் இருந்த அனைவரும் பேனாவைத் தயாராக்கிக்கொள்வார்கள். இன்னொருத்தி உணர்வு ஆய்வாளர். சின்ன வயது. மடியில் ஒரு பலகைக் கணினி. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அதில் எதையோ குறித்துக்கொண்டே இருப்பாள்.

தலைமைப் படைப்பாளர் கண்ணைத் திறந்தார். "உங்க பார் ஒரு மிருகமா இருந்தா, என்ன மிருகம்?"

கொழுந்தன் அவசரமாகச் சிறுத்தை என்றான். படைப்பாளர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "அம்மா சொல்லட்டும்."

"பார்ல மிருகத்தை விட மாட்டாங்களே," என்றாள் நர்ஸம்மா.

ஆய்வாளர் அதை ஒரு மஞ்சள் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். 'அனுமதி மறுக்கப்பட்ட மிருகம்.' அதன் அடியில் இரண்டு கோடு போட்டாள்.

"மக்கள் எதுக்குக் குடிக்கறாங்க?" என்று அடுத்துக் கேட்டார் படைப்பாளர். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மரத்துப் போறதுக்கு. சரி, பல் டாக்டர்கிட்ட எதுக்குப் போறாங்க?"

"பல் வலிச்சா போவாங்க."

"அது மேலோட்டம். உள்ள போங்க."

நர்ஸம்மா உள்ளே போக முயன்றாள். மெத்தை உருண்டைதான் இன்னும் கொஞ்சம் உள்வாங்கியது.

"அவங்களும் மரத்துப் போறதுக்குத்தான் போறாங்க!" என்றார் படைப்பாளர். "ஊசி போட்டதும் ஒரு நிம்மதி வருது பாருங்க, அதுதான் நம்ம பிராண்ட். நாங்க கண்டுபிடிக்கல. அது அங்கயே இருந்தது. நாங்க அதுக்குக் கட்டணம்தான் போடறோம்."

அப்படியாக பாருக்கு 'மரப்பு' என்று பெயர் வந்தது. ஆனால் அன்றே வந்துவிடவில்லை. இருநூற்றுப் பதினான்கு பெயர்களை எழுதி, ஒவ்வொன்றையும் இருட்டறையில் முணுமுணுத்துப் பார்த்து, இரண்டரை மாதம் கழித்து, முதல் நாள் சொன்ன முதல் சொல்லுக்கே திரும்பினார்கள். இந்தத் திரும்புதலுக்குத் 'தாயகப் பயணம்' என்று பெயர். அறிக்கையில் அதற்குத் தனி அத்தியாயம் இருந்தது.

லோகோவுக்கு இன்னும் நாளாயிற்று. பல் ஆஸ்பத்திரி என்பதால் பல் படம் போடலாம் என்று கொழுந்தன் சொன்னபோது ஆய்வாளர் வருத்தத்தோடு சிரித்தாள். பல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வரைந்து பார்த்தார்கள். கடைசியில் ஒரு கறுப்புப் புள்ளி முடிவானது. அது புள்ளி அல்ல, பல் இல்லாத இடம் என்று விளக்கினார்கள். புள்ளியின் அளவு, அதைச் சுற்றி விட வேண்டிய வெற்றிடம், எந்தச் சூழ்நிலையிலும் செய்யக்கூடாதவை என்று நூற்று எண்பது பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம் வந்தது. புள்ளியைச் சாய்த்து வைக்கக்கூடாது என்பது நாற்பத்தோராம் பக்கத்து விதி.

மெனு அட்டை மருந்துச்சீட்டு மாதிரி இருக்க வேண்டுமாம். அதற்கு டாக்டருடைய கையெழுத்து தேவைப்பட்டது. நர்ஸம்மா பழைய சீட்டு ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். டாக்டருக்கு அச்சடித்தது போன்ற எழுத்து. தெருமுனை மருந்துக்கடைக்காரர் அதைக் காட்டித் தன் மகளைத் திட்டுவார்.

ஆய்வாளர் சீட்டைப் புரட்டிப் பார்த்தாள். "இது டாக்டர் கையெழுத்து மாதிரியே இல்லையே."

"அவர் கையெழுத்துதாம்மா."

"இல்லம்மா, அவர் எழுதினது சரி. ஆனா டாக்டர் எழுதின மாதிரி இல்ல."

கையெழுத்தைக் கெடுப்பதற்கென்று ஒரு நிபுணர் வரவழைக்கப்பட்டார். மூன்று வாரம் உழைத்து நன்றாகக் கெடுத்தார். பிறகு அந்த எழுத்தில் 'முதல் ஊசி', 'ஞானப்பல்', 'வேர்வரை', 'நல்லாத் திறங்க' என்று பானங்களின் பெயர்களை அச்சிட்டார்கள். நர்ஸம்மாவால் ஒன்றையும் படிக்க முடியவில்லை. அது வெற்றி என்று சொன்னார்கள்.

ஒரு கூட்டத்தில் அவள், "இதுல குடிக்க என்ன கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அது அடுத்த கட்டம்," என்றார் படைப்பாளர்.

இதற்கிடையில் ஆட்கள் வந்து கீழ்த்தளத்தில் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டார்கள். நோயாளிகளின் பல் அச்சுகள், பிளாஸ்டரில் வார்த்தவை, முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. எல்லாம் சுவரில் பதிக்க எடுத்து வைக்கப்பட்டன. அலமாரிக்குள் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் சேர்ந்த ஒரு புதிய பல்செட்டு. அதைப் பார்த்ததும் ஆய்வாளர் வாயைப் பொத்திக்கொண்டாள். படைப்பாளரை உடனே வரச் சொல்லித் தகவல் போயிற்று. அவர் வந்து, பல்செட்டின் முன்னால் ஐந்து நிமிஷம் கண்மூடி நின்றார். அதற்கு எண் ஒன்று கொடுத்தார்கள்.

"அது ஒருத்தரோடது," என்றாள் நர்ஸம்மா.

"எல்லாமே ஒருத்தரோடதுதான்மா," என்றார் படைப்பாளர்.

அந்த ஒருத்தர் டாக்டர் இறந்த நான்காம் மாதம் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முப்பது வருஷம் வண்டி ஓட்டியவருக்கு வாயில் ஒரு பல்கூட மிஞ்சவில்லை. டாக்டர்தான் மிச்சமிருந்ததைப் பிடுங்கி, ஈறு ஆறும்வரை காத்திருந்து, அளவெடுத்து, செட்டுக்குச் சொல்லியிருந்தார். செய்துகொடுக்கும் இடத்திலிருந்து பெட்டி வந்து சேர்ந்தது டாக்டர் இறந்த மறுநாள். நர்ஸம்மா அதற்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில் வைத்ததோடு சரி.

"துக்க வீட்டுல வந்து பல்லு கேக்கறதான்னுதான் வரல, நர்ஷம்மா," என்றார் டிரைவர். பல் இல்லாததால் ச, ஸ எல்லாம் ஷ ஆகிக் காற்றோடு போனது. "ஆறேழு மாஷமாக் கஞ்ஷிதான். மருமக நல்ல பொண்ணு, எல்லாத்தையும் அரைச்ஷுத் தரா. ஆனா அரைச்ஷா எல்லாம் ஒரே ருஷியா இருக்கு."

நர்ஸம்மா அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். அலமாரி இருந்த இடத்தில் சாரம் கட்டியிருந்தார்கள். ஆய்வாளர் ஒரு தாளை நீட்டினாள். காட்சிப்பொருளை வெளியே எடுக்க விடுவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும். டிரைவர் நின்றுகொண்டே நிரப்பினார். பெயர், முகவரி, பொருளுடன் தங்களுக்குள்ள உறவு. அந்த இடத்தில் 'என் பல்' என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'சாப்பிட' என்று எழுதினார்.

பத்து நாளில் படிவம் திரும்பி வந்தது. காரணம் பிராண்டின் குரலில் இல்லை என்று சிவப்பு மையில் குறித்திருந்தது. டிரைவர் மறுபடி வந்தார். "என் ஷொந்தப் பல்லால் மென்று ஷாப்பிட" என்று விரிவாக எழுதலாமா என்று கேட்டார். எழுதினார். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது முறை, திறப்பு விழா அன்று நேரில் வந்தால் பரிசீலிக்கப்படும் என்று பதில் கிடைத்தது. நர்ஸம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இது அநியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது. கோபப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாள். வரவில்லை.

ஆறாம் மாதம் அவளையே ஆய்வு செய்தார்கள். மங்கலான விளக்கு, எதிரே ஆய்வாளர், ஒலிப்பதிவுக் கருவி. டாக்டர் இறந்ததைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். அறிக்கை வந்ததும் கொழுந்தனையும் அவளையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

"அம்மா தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றாள் ஆய்வாளர். "எட்டு நிமிஷம் பேசினீங்க. ஒரு இடத்துலகூடத் தொண்டை அடைக்கல. நடுவுல ஒரு தடவை மணி என்னன்னு கேட்டீங்க. அந்தப் பதிவைப் பத்து பேருக்குப் போட்டுக் காட்டினோம். ஒன்பது பேர், நீங்க அவர் மனைவின்னு நம்பல."

"பத்தாவது ஆள்?" என்றான் கொழுந்தன்.

"அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

தலைமைப் படைப்பாளர் நீண்ட நேரம் கண்ணை மூடியிருந்தார். "நாங்க பொய் சொல்ற தொழில்ல இல்ல," என்றார். "உண்மைதான் எங்க மூலப்பொருள். ஆனா எல்லா உண்மையும் நல்ல தரத்துல கிடைக்கறதில்ல. கிடைக்காதபோது வெளிய இருந்து வரவழைக்கறோம். உங்க துக்கத்தை நாங்க மதிக்கறோம்மா. அது தூரத்துல இருந்து பார்த்தாத் தெரிய மாட்டேங்குது, அவ்வளவுதான் பிரச்சனை."

கொழுந்தன் ஒருமுறை அண்ணியின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவர்கள் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான்.

இப்படியாக டாக்டரின் விதவையாக இருப்பதற்கு ஒரு நடிகை ஏற்பாடானாள். நாற்பது வயது, மேடை நாடகத்தில் பழகியவள். உண்மையான விதவையைக் கவனிக்க ஒரு நாள் மாடிக்கு வந்தாள். மற்றவர்களைப் போல எதையும் சுவரில் ஒட்டவில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, "அவர் போறப்போ உங்க கைல என்ன இருந்ததுக்கா?" என்று கேட்டாள்.

"எச்சில் உறிஞ்சற குழாய்."

"அப்புறம் அதை எங்க வெச்சீங்க?"

நர்ஸம்மா யோசித்தாள். "வைக்கல. நோயாளி வாயைத் திறந்துட்டு இருந்தார். எடுத்தா அவருக்குப் புரையேறும். இவர் சாஞ்சுட்டார்னு தெரியுது. ஆனா நான் குழாயைப் பிடிச்சிட்டுதான் நின்னேன். அவர் வாயைத் துடைச்சு, எழுப்பி உட்கார வெச்சு, அப்புறம்தான் திரும்பினேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகும் ஒன்றும் ஆகவில்லை. நடிகைதான் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

திறப்பு விழா ஒரு மாலை ஐந்து மணிக்கு நடந்தது. நர்ஸம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது வாசலில் இருந்த ஆள் அழைப்பிதழ் கேட்டான். அவளிடம் இல்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு, "டாக்டரோட வைஃப் ஏற்கெனவே உள்ள போய்ட்டாங்களே," என்றான். அவள் எதிர்வாதம் செய்யவில்லை. கொழுந்தன் பார்த்துவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போனான்.

உள்ளே நுழைந்ததும் பழைய காத்திருப்பு அறை. விருந்தினர் ஒவ்வொருவரும் நாற்பது நிமிஷம் அங்கே உட்கார வேண்டும் என்பது விதிப்புத்தகத்தின் ஒன்பதாம் பக்கம். உள்ளே இடம் காலியாக இருந்தாலும் உட்கார வேண்டும். பெரிய பெரிய ஆட்கள் நோயாளிகளைப் போலக் கழுத்தில் காகிதத் துண்டு கட்டிக்கொண்டு பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவராக டிரைவரும் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மட்டும் அது புதிதாகத் தெரியவில்லை.

சிகிச்சை அறை மதுக்கூடமாகியிருந்தது. சுவர் முழுக்கப் பல் அச்சுகள். நடுவில் டாக்டரின் நாற்காலி, தங்க வண்ணம் பூசியது. அதன் பக்கத்தில் வெள்ளை அங்கியில் நடிகை நின்று, மெல்லிய குரலில் டாக்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்துக்கு வந்ததும் குரலை இன்னும் தாழ்த்தினாள். கண்ணீர் ஒரு கண்ணிலிருந்து மட்டும் இறங்கியது. கூட்டம் மூக்கை உறிஞ்சியது. பட்டுச் சட்டை போட்ட ஒருவர் அவளுடைய கையைப் பிடித்து, "தைரியமா இருங்க," என்றார். நர்ஸம்மா பின்னால் நின்று கேட்டாள். நன்றாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தாள்.

மூலையில் ஒரு கண்ணாடித் தூண். அதற்குள், கீழிருந்து வெளிச்சம் பட, டிரைவரின் பல்செட்டு.

நாற்பது நிமிஷம் முடிந்து டிரைவர் உள்ளே வந்தார். கையில் மூன்று படிவங்களும் இருந்தன. தூணுக்கு முன்னால் போய் நின்று தன் பல்லைப் பார்த்தார். கண்ணாடியில் அவருடைய பொக்கை வாயும் உள்ளே இருந்த பல்வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. ஒரு பெண் அவரைக் கொஞ்சம் நகரச் சொன்னாள், படமெடுக்க. அவர் நகர்ந்தார்.

அவர் நகர்ந்த விதத்தில் என்ன இருந்ததோ. நர்ஸம்மா நேராகத் தூணுக்குப் போனாள். மூடி பூட்டவில்லை, அதன்மேல் போட்டிருந்த லோகோப் புள்ளி சாயாமல் இருந்தால் போதுமென்று வெறுமனே வைத்திருந்தார்கள். தூக்கி எடுத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். செட்டைக் கையில் எடுத்தாள். மது கலக்குமிடத்தில் எலுமிச்சை கழுவும் தொட்டியில் கையைக் கழுவி, செட்டையும் கழுவினாள்.

"வாங்க, உட்காருங்க," என்றாள் டிரைவரிடம்.

அவர் தங்க நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். நடிகை பேச்சை நிறுத்தி ஒதுங்கி நின்றாள். நர்ஸம்மா அவளிடம் விளக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தாள்.

"நல்லாத் திறங்க. இன்னும் கொஞ்சம்."

மேல்வரிசையை வைத்து, கட்டைவிரலால் அண்ணத்தோடு அழுத்திப் பிடித்தாள். கீழ்வரிசை இடது பக்கம் தூக்கியது. ஆர்டர் எழுதும் புத்தகத்தில் இருந்த கார்பன் தாளில் ஒரு துண்டு கிழித்துப் பல்லுக்கு நடுவில் வைத்து, "கடிங்க, மெதுவா, ரெண்டு பக்கமும்," என்றாள். நீலம் பட்ட இடத்தை, கைப்பையில் இருந்த நகம் ராவும் அரத்தால் லேசாகத் தேய்த்தாள். மறுபடி வைத்தாள். எடுத்தாள். தேய்த்தாள். டாக்டராக இருந்தால் இதற்குள் முடித்திருப்பார் என்று தோன்றியது.

கடைசியாகச் செட்டு உட்கார்ந்ததும் அறை கைதட்டலில் அதிர்ந்தது. தலைமைப் படைப்பாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருடைய கண்கள் முதல் தடவையாகப் பேசுவதற்கு முன்பே திறந்திருந்தன.

"எட்டு மாசமா இதைத்தான் தேடிட்டு இருந்தோம்!" என்றார். "அம்மா, தினம் ரெண்டு காட்சி. ஏழு மணிக்கு ஒண்ணு, ஒன்பதுக்கு ஒண்ணு. ஆளை நாங்க கொண்டு வரோம். பல் இல்லாதவங்க கிடைக்கலேன்னா அதுக்கும் ஏற்பாடு பண்ணலாம்."

"வழி விடுங்க," என்றாள் நர்ஸம்மா. "அவர் வெளிய போகணும்."

வாசல் படியில் வெளிச்சம் மிச்சமிருந்தது. டிரைவர் தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். இடது பக்கம் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது என்று ஜாடை காட்டினார்.

"ரெண்டு நாள் போட்டுப் பாருங்க. புண் ஆச்சுன்னா செவ்வாய்க்கிழமை வாங்க, டாக்டர்கிட்ட..."

அவள் நிறுத்தினாள்.

அவள் படியில் உட்கார்ந்தாள். முதலில் மூச்சுதான் தடுமாறியது. பிறகு வயிற்றிலிருந்து ஏதோ பிடுங்கிக்கொண்டு வந்தது. அழகில்லாத அழுகை. மூக்கு ஒழுகியது, வாய் கோணியது, தொண்டையிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. நிறுத்த முடியவில்லை.

காற்று வாங்க வெளியே வந்த ஒரு ஜோடி, கழுத்துத் துண்டோடு படியின் மேலே நின்றது.

"இதுவும் நிகழ்ச்சிதானா?" என்றான் அவன்.

"இருக்கும்," என்றாள் அவள். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கவனித்தாள். "ஆனா உள்ள அழுதவங்க அளவுக்கு இல்ல. இவங்க கொஞ்சம் ஓவரா பண்றாங்க."

டிரைவர் திரும்பினார். முப்பது வருஷம் படிக்கட்டில் தொங்கியவர்களை உள்ளே போகச் சொன்ன குரல் அவருக்குள் இன்னும் இருந்தது.

"சத்தம் போடாம உள்ள போங்க ரெண்டு பேரும்! மனுஷி அழுதிட்டிருக்கா, தெரியல?"

ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, தெளிவாக விழுந்தது. ஜோடி உள்ளே போய்விட்டது. டிரைவர் ஒரு படி கீழே இறங்கி, தெருவைப் பார்த்தபடி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நர்ஸம்மா அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் டிரைவர் அவ்வளவு உரக்கக் கத்தியும் மேல்வரிசை துளிகூட நழுவவில்லை என்பதை அதற்கு நடுவிலும் கவனித்தாள்.